சீட்டுக் கணக்கில் விலை சொன்ன வண்டி

மாப்ள,

இன்று காலை தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு மரக்கடையைத் தாண்டும்போது வச்சிரம் காய்ச்சுகிற நாற்றம் அடித்தது. தோலை வேகவைத்து எடுக்கிற அந்தத் தச்சுப் பசையின் வாடைக்கு எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். நான் மட்டும் நடுரோட்டில் நின்றுவிட்டேன். சைக்கிளில் வந்த ஒருவன், "யோவ் தாத்தா, வழிய விடுய்யா" என்று திட்டிவிட்டுப் போனான். நமக்கு நாற்பத்தைந்துகூட முடியவில்லை, அதற்குள் நான் தாத்தா. நீ கேட்டிருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் என்னைக் கேலி பண்ணியிருப்பாய்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியதை இப்போது காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உயிரோடு இருந்தபோது ஒரு கார்டு போடாதவன் இப்போது மடல் எழுதுகிறான் பார்.

சமயநல்லூர் ரோட்டில் நாம் போட்ட கொட்டகை நினைவிருக்கும். நீ மிஷன் பள்ளிக்கூடத்தில் தச்சு படித்தவன். நான் என் பங்கு நிலத்தை விற்றுப் பணம் போட்டவன். மரமும் தகடும் உன் பாடு, பெயிண்டும் பேச்சும் என் பாடு. "எனக்கு உளி, உனக்கு வாய்" என்பாய். சீமையிலிருந்து வருகிற பஸ் வெறும் இன்ஜினும் சக்கரமும் சட்டமுமாகத்தான் வரும். அதன்மேல் பாடி கட்டுவது நம் தொழில். விலை சீட்டுக் கணக்கு. பதினெட்டு சீட்டு பஸ் என்றால் ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்று பதினெட்டால் பெருக்கிச் சொல்ல வேண்டியதுதான். மதுரையில் எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். நானும் அந்த ஒரு வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு பெரிய வியாபாரி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கோச்சடைக் கொடிக்கால்காரர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெற்றிலையில் நாலு காசு பார்த்த வீடு, இளவயசு, புது மாப்பிள்ளை. நீ மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தாய். அவர் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படத்தை என் முன்னால் வைத்தார்.

"கொடைக்கானல்ல ஒரு தொரை இதுல போனான்யா. ரெண்டே சீட்டு. தரையோட தரையா என்னமா பறக்குது! எங்கிட்ட பழைய காரு ஒண்ணு கெடக்கு. பாடிதான் அரிச்சுப்போச்சு, இன்ஜின் தங்கம். அதுல இது மாதிரி கட்ட எம்புட்டு ஆகும்?"

ரெண்டு சீட்டு. மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். சொல்லவே வெட்கமாக இருந்தது, அவ்வளவு சின்னத் தொகை. மூன்று மடங்காக்கிச் சொன்னேன். பாவம், ஆளை மொட்டை அடிக்கிறோமே என்றுகூட ஒரு நிமிஷம் உறுத்தியது. அவர் மறுபேச்சில்லாமல் முன்பணம் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் என் ரெண்டு சீட்டுக் கணக்கைக் கேட்டு நீ முதலில் சிரித்தாய். படத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"பஸ்ஸு ஒரு பொட்டி மாப்ள. பலகைய நிமுத்தி வச்சா நின்னுக்கும். இதுல எங்கயாச்சும் நேர்கோடு இருக்கா? வளைவுக்குல்ல வெல சொல்லணும், சீட்டுக்கா சொல்லுவாக? போய் விசயத்தச் சொல்லிட்டு வா."

நான் போகவில்லை. சொன்ன வார்த்தை மாறினால் கடைப் பேர் கெட்டுவிடும் என்றேன். உண்மையில் கெட்டுவிடும் என்று பயந்தது என் கெட்டிக்காரப் பேர்.

நீ வேலையைத் தொடங்கினாய். ஒவ்வொரு வளைவையும் முழுத் தேக்கிலிருந்து செதுக்கினாய். ஆணி அடிக்காமல் மரத்தில் மரத்தைக் கோத்தாய். மணல் மூட்டைமேல் தகட்டைப் போட்டு நாள்முழுக்கத் தட்டினாய். நான் வாசலில் காத்திருந்த இரண்டு பஸ் முதலாளிகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டும் உன்னை விரட்டிக்கொண்டும் இருந்தேன். "இதுக்குக் குடுக்கிற காசுக்கு இம்புட்டு இழைப்பா?" என்பேன். "காசு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ரோட்டுக்குத் தெரியுமா?" என்பாய்.

பேசிய பணம் பாதி வேலையிலேயே தீர்ந்தது. இடப்பக்கக் கதவின் பூட்டைத் தாங்குகிற தூணுக்குக் காய்ந்த தேக்கு இல்லை. நான் மலிவாக ஒரு கட்டை கொண்டுவந்தேன். நீ அதை மோந்து பார்த்தாய். "ஈரம் இருக்கு மாப்ள. அளவு பாக்க மட்டும் வைக்கிறேன். நல்ல கட்டை கெடச்சதும் மாத்திருவேன்" என்றாய். நாலு வாரத்தில் அந்தத் தூணில், பூட்டுக்குப் பக்கத்தில், நூல் மாதிரி ஒரு வெடிப்பு விட்டது. அன்று சனிக்கிழமை. சுண்ணாம்புப் பொடியை எண்ணெயில் குழைத்த மக்கு வைத்து அடைத்துவிடலாம் என்றேன். "மக்கு வச்சா மரம் ஏமாறாது, நாமதான் மக்கு. ரெண்டு வாரம் குடு. என் கைக்காசுல கட்டை வாங்குறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாய்.

நீ போனதும் நான் மக்கு வைத்தேன். தேய்த்தேன். மேலே சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். என் கைவேலையும் மோசமில்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் வெடிப்பு தெரியாது. மறுநாள் நீ மறுபடி பூசைக்குப் போயிருந்த நேரம் கொடிக்கால்காரர் வந்தார். சோழவந்தானில் மச்சினன் கல்யாணம், புது வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கதவைச் சாத்திக் காட்டினேன். கச்சிதமாக மூடியது. சாவியைக் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்து, "குடுத்துட்டியா?" என்றாய். அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு கோச்சடைக்குப் பறந்தாய். அவர்கள் விடிகாலையிலேயே கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

கல்யாணம் முடிந்து அவர்கள் திரும்பி வரும்போது சமயநல்லூர் வளைவில் அந்தத் தூண் பூட்டோடு பிய்ந்தது. கதவு திறந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டம்மா ரோட்டில் விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் அந்தப் பெண்ணுக்கு ஒரு கால் மற்றதைவிடக் கட்டைதான்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர் நம் இருவரையும் பார்த்துக் கத்தினார். "தூணு வச்சவன் எவன்டா?" நான் வாயைத் திறப்பதற்குள் நீ முன்னால் போய், "நான்தான்யா" என்றாய். வாயைத் திறப்பதற்குள் என்று எழுதியது பொய், மாப்ள. நான் திறக்கவே இல்லை.

ஊரெல்லாம் உன் தூண்தான் பேச்சு. பஸ் முதலாளிகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மரவேலைக்கு வேற ஆளப் போடு, வண்டிய விடுறோம்" என்றார்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பாப்போம்ணே" என்றேன். அது உன் காதில் விழுந்திருக்க வேண்டும். அந்த மாதமே உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வாரேன் மாப்ள" என்று கிளம்பினாய். கிளம்புகிற எவனும் சொல்கிற வார்த்தைதான். நானோ அதையே சாக்காக வைத்துக்கொண்டு, வாரேன் என்றவன் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீ பள்ளிக்கூடத்தில் பெஞ்சு செய்யப் போனாய் என்று கேள்விப்பட்டேன். ஜெர்மன் சண்டை வந்தது, பெட்ரோல் கிடைக்காமல் போனது, கரிப்புகையில் பஸ் ஓடியது, சண்டையும் முடிந்தது. பத்து வருஷம். உன் தெரு வழியாகப் போக வேண்டிய வேலைக்கெல்லாம் சுற்றுவழியில் போனேன். எதிரே பட்டால் காறித் துப்புவாய் என்று நினைத்தேன். காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று சேதி வந்தபோதுதான் அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன்.

அதற்கப்புறம் தூக்கம் பிடிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கோச்சடைக்குப் போனேன். அவர் கொடிக்காலுக்குப் போயிருந்தார். அந்தம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, "ஒக்காருங்கண்ணே" என்றாள். நான் உட்காரவில்லை. வெடிப்பு, மக்கு, பெயிண்ட், எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"எங்களுக்கு அப்பவே தெரியும்ணே" என்றாள்.

அவளே சொன்னாள். "ஒங்க கூட்டாளி புதுத் தூணு போட வந்தாருல்ல? பழசப் பிரிக்கிறப்ப எங்க வீட்டுக்காரவுக பக்கத்துலதான் நின்னாக. வெடிப்புக்குள்ள மக்கு இருந்துச்சு. 'இது தச்சன் கை இல்லையே, பெயிண்டுக்காரன் கை மாதிரில்ல இருக்கு'ன்னு கேட்டாக. அவரு இல்லன்னு சொல்லல. 'வெளிய சொல்லிராதீக. அவன் நெலத்த வித்துக் கடையில போட்டிருக்கான். எனக்குக் கைத்தொழில் இருக்கு, எங்கிட்டும் பொழச்சுக்குவேன். அவனுக்கு இருக்கிறது வாய் ஒண்ணுதான்'னாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே நீ பேசுகிற மாதிரியே இருந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை முட்டியது. அவள் காலைக் கட்டையாக்கிய பாவி நான் அவள் வாசலிலேயே நின்று அழுகிறேன், அந்தம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறாள்.

"வருசத்துக்கு ஒருக்கா வந்து வண்டியப் பாத்துட்டுப் போவாரு" என்றாள். "ஒங்க கடை நல்லா நடக்குதான்னும் கேப்பாரு. நீங்களே போய்ப் பாக்கலாம்லன்னா, 'நான் போனா அவன் கூசிப்போவாம்மா. அவனா வரட்டும்'பாரு."

இப்போது கடைக்கு வருகிற எல்லாரிடமும் அந்தத் தூணின் கதையை உள்ளபடி சொல்லிவிட்டுத்தான் விலை பேசுகிறேன். இரண்டு பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும். அதெல்லாம் இப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நீ எனக்காகக் காத்திருந்தாய் என்பதைத்தான் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் சுமந்துகொண்டு திரிகிறேன்.

கொட்டகையிலிருந்து உன் வீடு சைக்கிளில் கால் மணி நேரம். பத்து வருஷத்தில் அந்தக் கால் மணி நேரத்தை ஒருதடவைகூட நான் மிதிக்கவில்லையே, மாப்ள.