எங்கள் கூரையில் விழுந்த கோடு

14.9.1987
"சார், மாடி வூட்டுக்காரருக்கு மண்ணு எங்க இருக்குது?" எப்போதோ வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். ரயிலில் மேல் படுக்கையில் படுத்தவனுக்கும் தண்டவாளம் கீழேதானே என்றேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கேள்வி எனக்கே வந்திருக்கிறது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தை ஒட்டிய எங்கள் வீட்டை இடித்து ஏழு மாடி எழும்புகிறது. கீழே நட்சத்திர ஓட்டல், மேலே அடுக்கு வீடுகள். இடத்துக்கு ஈடாக எங்களுக்கு ஐந்தாம் மாடியில் ஒரு வீடு. பொங்கலுக்குக் குடிபோகலாம். என் மனைவி அமிர்தம் வாடகை அறையில் உட்கார்ந்து இப்போதே திரைச்சீலை தைக்கிறாள். ஓட்டல் முதலாளிக்காகக் கட்டுகிற இன்ஜினியர் எங்கள் மகன் வெற்றிச்செல்வன்தான்.

17.9
இட ஒதுக்கீடு கேட்டு மறியல். உளுந்தூர்பேட்டைப் பக்கம் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருக்கிறார்கள். சிமெண்ட் லாரி வரவில்லை. எங்கள் வீட்டின் கூரைத் தளம் பாதி கான்கிரீட் கொட்டியதோடு நிற்கிறது.

24.9
வழி திறந்தது. மேஸ்திரி பச்சமுத்து வந்தார். கரியாலூர் மலைக்காரர். சிரிக்காமல் பேசத் தெரியாது.

"நேத்து களி மேல இன்னிக்கி சுடு களியக் கொட்டுனா ஒட்டுமா சார்? எங்க வூட்ல பாவாயி கொட்டுவா, நானும் துன்னுட்டு சும்மா கெடப்பேன். தளம் சும்மா கெடக்காது."

பழைய ஓரத்தைக் கொத்தி, கழுவி, சிமெண்டைப் பால்போல் கரைத்து ஊற்றித்தான் புதியதைச் சேர்க்க வேண்டுமாம். இரண்டு நாள் வேலை.

"இன்ஜினியர் தம்பி மொதலாளிக்கு பயந்துக்கினு வேணாங்குது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

சாப்பிடும்போது வெற்றியிடம் சொன்னேன். "இன்னாப்பா, நீங்களுமா? பொங்கலுக்குள்ள முடியாது, பரவால்லியா?" என்றான். அமிர்தம் என்னைப் பார்த்தாள். ரசம் ஊற்றச் சொன்னேன்.

25.9
கொத்தாமலே கொட்டிவிட்டார்கள்.

5.10
தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக் கம்புகளை இன்றே எடுக்கச் சொன்னாராம் முதலாளி. கொட்டிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, தளம் இன்னும் இறுகவில்லை. எடுத்தார்கள். சேர்த்த இடத்தில் தளம் அப்படியே இறங்கிவிட்டது. அடியில் பச்சமுத்து.

6.10
பல் தேய்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தேய்த்திருக்கிறேன் — அமிர்தம் சொல்லித்தான் தெரிந்தது.

9.10
மேஸ்திரி யாரையும் கேட்காமல் கம்புகளை எடுத்தார் என்று முதலாளி போலீசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வெற்றியும் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். பாவாயி மலையிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றாள்.

"செத்தவரு மேலயே பழியப் போடுறீங்களா சார்? கேக்காம ஒரு ஆணி புடுங்க மாட்டாருங்க அவரு."

அவள் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை?

12.10
போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பச்சமுத்து என்னிடம் வந்து சொன்னதையும், மகனிடம் நான் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டதையும் தேதியோடு எழுதினேன். ஏட்டு ராமசாமி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வாத்தியாரே, இது ஒங்க புள்ள தலையில வுழும். வாங்கிக்கவா?"

"வாங்கிக்குங்க."

வெளியே வெற்றி நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகவோ. "பேனா குடுங்கப்பா" என்றான். உள்ளே போய் தானும் எழுதினான். கம்புகளை எடுக்கச் சொன்னது யார் என்று.

அவனை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் நடந்து வந்தேன்.

19.10
இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும்: புது வீட்டுக்குக் குடிபோகும் முன் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். பழைய தளமும் புதியதும் சேர்ந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு தெரிந்தால், அதைப் போட்ட மேஸ்திரியைத் தேடிப் பிடித்து, கொத்திக் கழுவித்தான் சேர்த்தாரா என்று கேளுங்கள்.