தேநீரைக் கொட்டியவன்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலேயே புழுக்கம். அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய இந்தச் சுகர் லேண்டில் அக்டோபரிலும் வேர்க்கிறது. வேலை: வெங்காயம் உரிக்க, கீரை ஆய. இரண்டும் ஆகவில்லை.

ஆபீஸிலிருந்து பானு போன். பகலில் கூப்பிடுகிற மகள் இல்லை அவள். "அம்மா, மொதல்ல உக்காருங்க. காதரைப் புடிச்சிட்டாங்க."

உட்காரவில்லை. நின்றபடியே கேட்டேன்.

ஊரில் எங்கள் எதிர்வீட்டுக் காதர். என் சின்னவன் ஜாபர் வளைகுடாவுக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று, அங்கே என் மச்சானிடம் கொடுத்துவிடு, அல்வா என்று பார்சலைத் திணித்தவன். அல்வாவுக்கு அடியில் போதைத் தூள். போய் இறங்கிய இடத்திலேயே பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு வருஷமாகச் சிறை. காதர் அன்றே ஊரை விட்டு மாயம்.

நான் அன்று பார்சலைப் பிரிக்கக் கத்தரிக்கோலோடுதான் வந்தேன். கொழுந்தன் மறித்துக்கொண்டார். (பெயரை எழுதக் கை வராது. இனி கொ.) "அடுத்தவங்க சாமானைப் பிரிச்சா என்ன நெனைப்பாங்க மதினி? மானக்கேடு." எங்கள் ஊரில் யாரும் பிரிப்பதில்லை. அது மரியாதையாம். மரியாதைக்கு என் பிள்ளை உள்ளே. கொ. வீட்டில் இரண்டு கல்யாணம் நடந்துவிட்டது. இரண்டிலும் நான் சோற்றைத் தொடவில்லை.

அக்டோபர் 8, புதன்

இடியோடு மழை. பிரியாணி குழைந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

பானு விவரமாகச் சொன்னாள். காதர் பிடிபட்டது சென்னையில். அவன் கூட்டத்துக்கு ஹூஸ்டனிலும் இதே வேலைதானாம். ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கையில் ஊறுகாய், பொடி என்று கொடுத்துவிடுவது, இங்கே வந்து சிரித்தபடி வாங்கிக்கொள்வது. இந்த ஊர்ப் போலீஸ் தனியாகத் தேடியிருக்கிறது, சென்னைப் போலீஸ் தனியாக, வளைகுடாக்காரர்கள் தனியாக. ஆளுக்கொரு கிழிசல் துண்டு. இப்போதுதான் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒட்டுப் போடுகிறார்கள். ஆறு வருஷம் முன்பே உட்கார்ந்திருக்கலாம். இதையும் மறக்க மாட்டேன்.

சிக்கல் இதுதான். ஜாபர் தெரிந்தேதான் எடுத்துப்போனான் என்கிறான் காதர், படுபாவி. ஹூஸ்டனில் பிடிபட்ட பெரிய கை ஒருவன், காதர் யாரென்றே தெரியாது என்கிறான். அவனுக்கும் அந்தப் பார்சலுக்கும் முடிச்சு விழுந்தால் ஜாபர் வழக்கை வளைகுடாவில் திரும்ப எடுப்பார்களாம். அன்று காதரோடு இன்னொருவனும் வந்தான்; வாசலில் அவனைப் பார்த்தது நானும் கொ.வும். கொ.வுக்கு ரெண்டு கண்ணிலும் புரை.

ஆகவே அடையாளம் காட்ட நான். நாளைக்குக் காலை, வீடியோவில்.

நீலப் புடவை எடுத்து வைத்தாயிற்று. இஸ்திரியும் போட்டாயிற்று. மறுபடியும் போட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஸ்டேஷனில் குளிர். ஏசி. கம்பளி கொண்டுபோகாதது தப்பு.

ஒரே திரையில் மூன்று ஊர். இங்கே காலை, சென்னையில் சாயங்காலம். என் பக்கத்தில் இந்த ஊர்ப் பெண் அதிகாரி, நல்ல உயரம். பானு வாயைத் திறக்கக் கூடாதென்று வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். மொழிபெயர்க்கிறவர் என்னைத் தாங்கள் தாங்கள் என்கிறார். இந்த வயதுவரை யாரும் என்னைத் தாங்கள் என்றதில்லை. பிடித்திருந்தது.

போட்டோக்கள். முகம் மட்டும். அவன் இதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

வரிசையில் விரல் போய்க்கொண்டே இருந்தது. நின்றது.

"இவன்தான். காதரோட வந்தான். கேட் பக்கத்துல நின்னான், உள்ள வரலை."

இத்தனை வருஷம் கழித்து எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று சென்னை அதிகாரி. நியாயமான கேள்வி.

சொன்னேன். வந்தவன் ஆயிற்றே என்று இஞ்சி தட்டி, ஏலக்காய் போட்டுத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினான். நான் திரும்பியதும் முருங்கை மரத்தடியில் கொட்டினான். சமையல்கட்டு ஜன்னலில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் வீட்டுத் தேநீரைக் கொட்டிய முகத்தை நான் மறப்பேனா? டம்ளரை இடது கையில் பிடித்திருந்தான், சுண்டுவிரல் பாதிதான்.

மொழிபெயர்த்து முடிந்ததும் பெண் அதிகாரி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். கை இருக்கிற படத்தை அவர்கள் எனக்குக் காட்டவே இல்லை.

பார்சல் கொடுக்கும்போது உங்கள் மகனிடம் என்ன சொன்னார்கள் என்று வளைகுடா அதிகாரி. அல்வா என்றார்கள், ஐயா. பிரிக்கப் போனேன், விடவில்லை. கொ. பேரை முழுசாகச் சொன்னேன். எழுதிக்கொள்ளட்டும்.

வரும் வழியெல்லாம் பானு அழுதுகொண்டே டிரைவ் பண்ணினாள். ஃப்ரீவேயில் அழாதே என்று திட்டினேன்.

அக்டோபர் 24, வெள்ளி

தேநீர்க்காரன் வாயைத் திறந்துவிட்டான். தூக்கிப் போகிறவர்களிடம் உள்ளே என்ன என்று சொல்வதே இல்லையாம். தெரிந்தால் பயந்து காட்டிக்கொடுத்துவிடுவார்களாம். அந்த வாக்குமூலம் இங்கிருந்து வளைகுடாவுக்குப் போகிறது. சாதாரணமாக மாசக்கணக்கில் ஆகும், இப்போது நேராகப் போகும் என்றாள் பெண் அதிகாரி. கட்டிக்கொண்டேன். அவள் இடுப்புக்குத்தான் எட்டினேன்.

பேத்தி சஃபா: "நன்னிமா, யூ ஆர் சோ ஸ்கேரி." சந்தோஷமாகச் சொன்னாள்.

டிசம்பர் 12, வெள்ளி

விட்டுவிட்டார்கள்.

ஜாபர் பேசினான். குரல் தடித்திருக்கிறது. அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனே சொன்னான்: "அந்த டீயைக் குடிச்சிருந்தான்னா நான் இன்னும் உள்ளேதாம்மா."

நானும் பானுவும் நாளை மறுநாள் ஊருக்கு. அவனும் அன்றைக்கே.

கொ. போன். ஏர்போர்ட்டுக்கு வரட்டுமா மதினி என்று. வரலாம் என்றேன். பேசுவேன் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 13, சனி

குளிர் இறங்கிவிட்டது. பெட்டி: ஜாபருக்கு சட்டை, ஸ்வெட்டர், ஷூ. அளவு தெரியாது, பெரிதாகவே வாங்கினேன்.

பக்கத்து வீட்டு மும்தாஜ் ஒரு பார்சலோடு வந்து நின்றாள். அவள் அம்மாவுக்கு, திருச்சியில். டேப் போட்டு ஒட்டியிருந்தது. நான் கத்தரிக்கோலைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"நீங்களே பிரிங்க ஆன்ட்டி. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

பிரித்தேன். சோப்பு, வைட்டமின் மாத்திரை, ஒரு சால்வை. ஒரு டப்பா, சீல் உடைக்காதது, கடையில் வாங்கியது அப்படியே. அவள் முகம் சுருங்கத் தொடங்கியது. சுருங்கட்டும்.

சீலையும் உடைத்தேன். பாதாம்தான்.