நிலா இல்லாத பாட்டுகள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், வருகிறேன். நீ நன்றாக இருக்கிறாயா என்று மற்றவர்கள் கடிதத்தில் கேட்பது ஒரு பேச்சுக்கு. நான் பேச்சுக்குக் கேட்கவில்லை ராசா, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி, நடுவில் மடித்து வைத்துவிடாதே.

இங்கே எல்லாம் இருந்தது இருந்தபடிதான். கீழ்வீட்டு டைலர் புது மெஷின் வாங்கியிருக்கிறார், அது ஓடினால் நம் வீட்டுத் தரையே அதிர்கிறது, கேட்டால், "உங்க கால்வலிக்கு நல்லதுக்கா, சும்மாவே மசாஜ் நடக்குது" என்கிறார். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற கூடத்தில் மேற்பார்வை பார்க்கிற விசில் (மூச்சு விட்டாலே மூக்கு விசிலடிக்குமே, நீ வைத்த பெயர்தான்) என்னைப் போர்வை மடிக்கிற மேஜையிலிருந்து எடுத்துத் தலையணை உறைக்கு மாற்றிவிட்டாள். காரணம் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். உன் தங்கை நண்டு கடைசியாகப் படுத்திருந்த வார்டின் நம்பர் போட்ட போர்வை கைக்கு வந்தால் நான் மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறேனாம். மெஷினிலிருந்து எடுத்த சூடுதான் என்று எனக்குத் தெரியாதா என்ன, ஆனாலும் இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரி ஒரு சூடு. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் நீ என்னோடு போனில் பேசியதையெல்லாம் சேர்த்துவைத்தால் ஒரு டீ ஆறுகிற நேரம் வராது. நண்டு என்று நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அவளைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறோம், தூங்குகிற குழந்தை இருக்கிற அறையில் நடக்கிற மாதிரி.

நீ அனுப்பிய நீலப் புத்தகம் வந்து சேர்ந்து பத்தொன்பது நாள் ஆகிறது. என் மகன் பெயர் அட்டையில் அச்சாகியிருக்கிறது என்று டைலரிடம் காட்டினேன், விசிலிடம்கூடக் காட்டினேன். பிறகு வீட்டுக்குள் உட்கார்ந்து விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. நான் அதை மறைத்தவளுக்கு என்று படித்துவிட்டேன். படித்ததும் எனக்குத்தான் எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன், ஏன் அப்படி நினைத்தேன் என்று பின்னால் சொல்கிறேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தால் மறைந்தவளுக்கு. ஒரு எழுத்துதான் வித்தியாசம். அப்பாடா என்று இருந்தது, அந்த அப்பாடாவை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அடுத்த நிமிடமே, மறைந்தவள் யார் என்று கேட்டுக்கொண்டு, பாட்டைப் படித்து, உன்னை வேண்டாம் என்று சொன்ன கண்ணாடிக்கடைப் பெண் செத்துவிட்டாள் என்று முடிவுகட்டிவிட்டேன். வேறு எப்படி நினைப்பேன்? உன் மண்ணின் மேல் நிலா வெள்ளைத் துணி விரிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். காற்றே, அவள் உறங்குகிறாள், மெல்ல நட என்று எழுதியிருக்கிறாய். காதலித்த பெண் என்று நாலு பாட்டில் வருகிறது. செய்தித்தாளில் மறைந்த என்று போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தானே எனக்குத் தெரியும். பாவம், சின்ன வயசு, எனக்கு யாருமே சொல்லவில்லையே என்று அவளுக்காக மூன்று நாள் அழுதேன். நண்டுக்காக வராத அழுகை அவளுக்காக வந்தது, அது எப்படி என்று தெரியவில்லை.

வார விடுமுறையன்று இரண்டு பஸ் மாறி அந்தக் கடைக்குப் போனேன், முதலாளியிடம் துக்கம் கேட்டுவிட்டு வரலாம் என்று. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் அவளே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பெரியவர் காதுக்குப் பின்னால் பிரேமை வளைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்க ஆளில்லாத கண்ணாடிகள் வரிசையாக என்னையே பார்க்கின்றன, நடுவில் செத்துப்போனவள் நிமிர்ந்து, "வாங்கம்மா" என்கிறாள். கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். "என்னம்மா பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க, பவர் ஏறிடுச்சா?" என்று சிரித்தாள். நான் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், சூடாக இருந்தது, நாடி ஓடியது. அப்புறம்தான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினேன்.

பெரியவர் போனதும் படித்தாள். முதலில் அவளுக்குக் கோபம். "உயிரோட இருக்கும்போது எனக்காக ஒரு வரி எழுதினதில்ல, கொன்னுட்டு நாலு பாட்டு எழுதியிருக்காரா உங்க புள்ள?" என்றாள். நான் உனக்காகப் பரிந்து பேசப் போனேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். அவள் கல்லூரியில் மூன்று வருடம் இந்த மாதிரிக் காதல் பாட்டுகளைத்தான் படித்தாளாம். "பயப்படாதீங்கம்மா, இது ஒரு வழக்கம். விட்டுட்டுப் போனவ எங்கேயோ நல்லா சாப்பிட்டுத் தூங்கிட்டு இருக்கான்னு எழுதினா பாட்டு நிக்காது. செத்துட்டான்னு எழுதினாதான் மனசார அழலாம். மறைஞ்சுட்டான்னா ஒளிஞ்சுக்கிட்டான்னும் அர்த்தம் சொல்லித் தப்பிச்சுக்கலாம்" என்றாள். சரி, அதற்கு ஏன் நிலாவிடமும் காற்றிடமும் ஜோடியில்லாத பறவையிடமும் போய்ச் சொல்கிறார்கள், அவளிடமே கேட்டால் என்ன என்று நான் கேட்டேன். "அவகிட்டக் கேட்டா அவ பதில் சொல்லிடுவாளே. நிலா எதுத்துப் பேசாது" என்றாள். நான் அந்தக் கடையில் நின்றுகொண்டு சிரித்துவிட்டேன், எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அவளும் சிரித்துக்கொண்டேதான் பக்கத்தைத் திருப்பினாள். ஏழாவது பாட்டுக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு தடவை படித்தாள். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அம்மா, இது நான் இல்ல. எனக்கு எப்ப நீள முடி இருந்துச்சு? உங்க வீட்டு மாடிப்படியில நான் கால் வெச்சதே இல்லையே" என்றாள். கையை நீட்டிக் காட்டினாள், மயிர்க்கூச்செறிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன், இந்தத் தடவை ஒளிந்து கேட்கிற மாதிரிப் படித்தேன். எனக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் ஒன்று தெரிந்தது. நிலா வருகிற பாட்டெல்லாம் கண்ணாடிக்கடைப் பெண்ணுக்கு. நிலா இல்லாத பாட்டெல்லாம் நண்டுக்கு. உண்மையில் ஒருத்தியைப் பறிகொடுத்தவர்கள் நிலாவைப் பார்ப்பதில்லை ராசா, எனக்குத் தெரியும், எட்டு மாதமாக நான் வானத்தை அண்ணாந்து பார்த்ததில்லை. சீப்பைப் பார்ப்போம், செருப்பைப் பார்ப்போம். சோப்பு தேய்ந்து இலையாகிவிட்டது, அதில் ஒரு முடி, யாரும் எடுக்கவில்லை என்று ஒன்பதாவது பாட்டில் எழுதியிருக்கிறாய். அந்தச் சோப்பு குளியலறை ஜன்னல்மேல் அப்படியே இருக்கிறது, நான் தொடவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. நாலு மணிக்கு மூன்றாம் படியில் நிற்கிறாய், சுவரில் கை வைத்து, இன்னும் எட்டுப் படி என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்கிறாய் என்று ஏழாவதில் எழுதியிருக்கிறாய். மூன்று வருடம் முன்னால் நீ வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினவள். மூன்றாம் படியில் மூச்சு வாங்கி நின்றது அவளுடைய கடைசி வருடத்தில். கல்லூரி விட்டு நாலு மணிக்கு வருவாள், மூன்றாம் படியில் செருப்புச் சத்தம் நிற்கும், நான் மேலே கதவுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருப்பேன், ஓடிப்போய்ப் பிடித்தால் அவளுக்கு ரோஷம் வரும். சுவரில் அவள் கை வைத்த இடம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?

நான் சொல்லவில்லை. சொல்லாததுதான் என் குற்றம். அவள் நெஞ்சில் கோளாறு என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, "அண்ணன்கிட்ட சொல்லாதம்மா, வேலையை விட்டுட்டு வந்து நிப்பான், அப்புறம் என்னாலதான்னு ஆயிடும்" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் இன்றைக்குச் சரியாகிவிடும் நாளைக்குச் சரியாகிவிடும் என்று ஒரு வருடம் உன்னிடம் பொய் சொன்னேன். நீ அவளைக் கேட்டபோதெல்லாம் தூங்குகிறாள் என்றேன், குளிக்கிறாள் என்றேன், பக்கத்தில்தான் மூச்சுக்குத் திணறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சொல்லாதே என்று வாயில் விரல் வைத்துக் காட்டுவாள். கடைசியில் ஒரே போனில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன், அப்போது உனக்கு விடுப்பும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. மறைத்தவள் நான்தான் கண்ணு. நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் பாட்டு எழுதிவிட்டாய், அதிலும் அவளை உன் காதலியின் துணியைப் போர்த்திக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய், யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாதென்று. காதல் போச்சு என்றால் ஊரில் நாலு பேர் முதுகைத் தட்டுவார்கள், தங்கை போனதற்கு ஒரு ஆண்பிள்ளை எங்கே போய் அழுவான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பயந்துகொள்ளாதே. நாலு மணிக்கு இப்போதும் சத்தம் வருகிறது. டைலர் மெஷின் நிற்கிற நேரம் அது, அவர் டீ குடிக்கப் போவார். அப்போது செருப்புச் சத்தம் மூன்று படி ஏறும், நிற்கும். அதற்குமேல் வராது. முதலில் ஓடிப்போய்ப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, சுவர்தான். இப்போது ஓடுவதில்லை. இந்த இரண்டு வாரமாக அந்த நேரத்துக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்து ஒரு பாட்டு சத்தமாக வாசிக்கிறேன். அண்ணன் எழுதியிருக்கிறான் கேள் என்று வாசிக்கிறேன். நிலாப் பாட்டு வாசித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது, அவள் இருந்தால் இந்நேரம் உன்னைக் கிண்டலடித்தே கொன்றிருப்பாள்.

இப்போது நான் எழுத வந்ததை எழுதுகிறேன். பதினொன்றாவது பாட்டு. கதவைச் சாத்தாதே, நானும் வருகிறேன் என்று முடிகிறது. கண்ணாடிக்கடைப் பெண்ணிடம் மறுபடி போய்க் கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான்மா முடிப்பாங்க, உன் பின்னாலயே வரேன்னு எழுதிட்டு அறுபது வயசுவரைக்கும் நல்லா இருந்தவங்க உண்டு" என்றாள். ஒருத்தியைச் செத்ததாகப் படித்து ஏமாந்தவள்தானே நான், இதிலும் ஏமாந்தால் நல்லதுதான் என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன். ஆனால் அந்தப் பாட்டில் நிலா இல்லையே ராசா. நான் அவளிடம் அதைச் சொன்னேன். அவள் உடனே, நீ எப்போதோ அவளிடம் கொடுத்துவைத்திருந்த, உன் அறையில் தங்கியிருக்கிற பேக்கரிக்காரர் நம்பரைத் தேடி எடுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர், "ஆளு நல்லாத்தான் இருக்காரும்மா, வேலைக்கும் போறாரு. ஆனா நாலு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சதும் வாய்க்கால் பாலத்துல போய் நிக்கிறாரு. நேத்து பார்த்தேன், ரெண்டு டீ வாங்கி ஒண்ணைப் பக்கத்துல வெச்சிருந்தாரு, யாருக்குன்னு கேட்டா சிரிக்கிறாரு" என்றார். அங்கே நாலு மணி ஆகும்போது இங்கே எத்தனை மணி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

நண்டு அங்கே வருகிறாளா? சோப்பும் படியும் அவள்தான் வந்து சொன்னாளா? வந்தால் வரட்டும், உன் தங்கைதானே, டீ வாங்கிக் கொடு, பேசு, மறைத்ததற்கு அவளையும் இரண்டு திட்டு திட்டு. ஆனால் எழுந்து அவள் பின்னால் போகாதே. அவளுக்குத் துணை வேண்டும் என்று நினைத்தால் இங்கே நான் இருக்கிறேன், அந்தப் பொறுப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை. எனக்குத் துணை வேண்டும், அது உன் பொறுப்பு. பாலத்துக்குத் தனியாகப் போகாதே, பேக்கரிக்காரரைக் கூட்டிக்கொண்டு போ. அங்கே ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருப்பார், போய் இந்தப் புத்தகத்தையே காட்டு, வெட்கப்படாதே. விடுப்பு கொடுக்கவில்லையென்றால் வேலையை விட்டுவிட்டு வா, அவள் சொன்னதைக் கேட்டு ஒரு தடவை உன்னை வரவிடாமல் செய்தேன், இன்னொரு தடவை செய்ய மாட்டேன்.

தபால் போட்டால் நாளாகும் என்று கண்ணாடிக்கடைப் பெண் கீழே காத்திருக்கிறாள், எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் பேக்கரிக்காரருக்கு அனுப்புவாள். அவர் உன் கையில் போனைக் கொடுத்து நீ படித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்நேரம் உட்கார்ந்திருப்பார், அவருக்கு அம்மா கும்பிடு சொன்னதாகச் சொல். படித்ததும் எனக்குப் போன் போடு, எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

பத்துப் பாட்டுவரை நண்டுக்கு வாசித்துவிட்டேன். பதினொன்றை வாசிக்கவில்லை. நீ எது சொன்னாலும் நம்புகிறவள் அவள். நானும் வருகிறேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான் என்று தெரிந்தால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். அந்த வரியை அடித்துவிட்டு வேறு வரி சொல்லு. அழகாக இருக்க வேண்டாம், இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று சொன்னால்கூடப் போதும். நாளைக்கு நாலு மணிக்கு அதைத்தான் அவளுக்கு வாசிப்பேன்.

நீ நூறு வருடம் இருக்க வேண்டும், நான் கண்மூடுகிறவரை என் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். பெற்ற வயிறு வாழ்த்துகிறது.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்
உன் அம்மா