அல்ஷிஃபா, வயது 61

ஜூன் 12, வியாழன்

கெமிஸ்ட்ரி ரெக்கார்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அம்மா இதை மட்டும் திறக்க மாட்டாள்.

ஜோதி அக்கா இன்று கல்லூரியில் ஆய்வு நெறிமுறைப் பயிற்சிக்குப் போய் வந்தாள். பிஎச்.டி. செய்கிற எல்லோரும் போயே ஆகவேண்டுமாம். வந்தவள் சாப்பிடவில்லை. "திங்கக்கிழமை ஒப்புதல் படிவத்தையெல்லாம் எடுத்துட்டு வரணுமாம். சந்தேகம் வந்தா ஊருக்கே போய் விசாரிப்பாங்களாம்" என்றாள். என் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். மை எப்போதோ போய்விட்டது.

ஜூன் 13

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

தொட்டியத்தில் வாழைத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் உடல்நலம்தான் அக்காவின் ஆய்வு. நூறு பேரைக் கேட்க வேண்டும். எழுபது பேரைக் கேட்டாள். அந்த ஊர் ராசாத்தி அக்காதான் வீடு வீடாகக் கூட்டிப்போனார். மே மாதம் ஜோதி அக்காவுக்கு மஞ்சள் காமாலை. கெடு நெருங்கிவிட்டது. "மீதி முப்பதை நீ போடுடி. எல்லாரும் இடுப்பு வலின்னுதான் சொல்லப்போறாங்க" என்றாள்.

முப்பது பெயருக்கு எங்கே போவேன்? வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும் வரிசையிலேயே எழுதினேன். ஆஃப்ரின், அல்ஷிஃபா, அனுபமா... வயதை மட்டும் கூட்டிப் போட்டேன். ஒப்புதலுக்குக் கைநாட்டு: முப்பது தாளிலும் என் இடது கட்டைவிரல். அன்றைக்கு ஜாலியாகத்தான் இருந்தது.

ஆதார்ல என் ரேகை இருக்கே. கண்டுபிடிச்சிருவாங்களா?

ஜூன் 14

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் முழுக்க, அக்கா டாக்டராகப் போகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். அவரோடு வேலை செய்யும் நவநீதன் மாமா வந்து, "டாக்டரம்மா, என் முட்டிக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடேன்" என்றார். அக்கா சிரித்தாள். நான் இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

ஜூன் 16

மாட்டிக்கொண்டோம். கைடு ரங்கநாயகி மேடம் இரண்டாவது தாளிலேயே நிறுத்திவிட்டாராம். "அல்ஷிஃபா, வயசு அறுபத்தொண்ணு. ஏம்மா, அந்தக் காலத்துல தொட்டியத்துல யாரு இந்தப் பேரு வச்சா?"

அக்கா சொன்ன பதில்: அந்த முப்பதையும் ராசாத்திதான் நிரப்பிக் கொடுத்தாள், நம்பி வாங்கிக்கொண்டேன்.

"அவங்க பாவம்க்கா."

"அவங்களுக்கு என்னடி போச்சு? அவங்க என்ன பிஎச்.டி.யா பண்றாங்க? நீ வாயத் தொறந்த, நான் காலி."

வியாழக்கிழமை மேடம் தொட்டியம் போய் ராசாத்தி அக்காவை விசாரிப்பாராம். அந்த எழுபது வீட்டுக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அவங்கள யாரு வாசல்ல சேப்பாங்க? ஒருமுறை நானும் போனபோது, ஒரு சீப்பு பூவன் பழத்தை என் மடியில் வைத்தவர்.

ஜூன் 17

பயம். நாளைக்கு ஒரு நாள்தான்.

ஜூன் 18

டியூஷன் என்று சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். மேடம் வீடு கீழச் சித்திரை வீதியில். கதவைத் திறந்து, "யாரும்மா நீ?" என்றார்.

"ஜோதியோட தங்கச்சி, மேடம். ஸ்டாம்ப் பேடு இருக்கா?"

வெள்ளைத் தாளில் இடது கட்டைவிரலை வைத்தேன். மேடம் படிவங்களை எடுத்துவந்து பூதக்கண்ணாடியால் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தனை?"

"முப்பதும்."

"ராசாத்தி?"

"அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

திட்டவில்லை. கை துடைக்கத் துணி கொடுத்தார். "உங்க அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் கூப்பிடறதுக்கு முன்னாடி."

சொன்னேன். கன்னம் இன்னும் எரிகிறது.

ஜூன் 27

அக்கா என்னோடு பேசி ஒன்பது நாள். மேடம் தொட்டியம் போகவில்லை. முப்பதும் தள்ளுபடி. பயிற்சிக்கு மறுபடி முதலிலிருந்து போகவேண்டும். பட்டம் ஒரு வருடமாவது தள்ளிப்போகும். நவநீதன் மாமா வந்தால் அப்பா வாசலிலேயே பேசி அனுப்பிவிடுகிறார்.

ஜூலை 6, ஞாயிறு

விடிவதற்கு முன்பே அக்கா என் போர்வையை இழுத்தாள். மேஜையில் முப்பது வெற்றுப் படிவங்கள்.

"எந்திரிடி. தொட்டியத்துக்கு முசிறி போய் பஸ் மாறணும்."

"நானுமா?"

"ராசாத்தி அக்கா முன்னாடி நான் மட்டும் போய் நிக்கணுமா?" ஸ்டாம்ப் பேடை என்னிடம் நீட்டினாள். "இதக் கையிலயே வச்சுக்க. பையில கொட்டும்."

பஸ்ஸில் எழுதுகிறேன். பேடு மடியில் இருக்கிறது. அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ராசாத்தி அக்காவிடம் என்ன சொல்வது என்று உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டே வருகிறாள். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டாள். ரெக்கார்டில் வெளிச்சம் விழட்டும் என்று கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டாள்.