ஒரே எண்ணில் இரண்டு பேர்

ஜூன் 9, திங்கள்

ஃபேக்டரி கேட்டில் நுழையும்போதே போன். ஷிப்டில் பாதிப் பேருக்கு லாகின் ஆகவில்லை. ஓசூர் பிளான்ட், ஜிகணி பிளான்ட் இரண்டின் யூசர் கணக்குகளையும் ஒரே லினக்ஸ் சர்வரில் சேர்த்ததிலிருந்து இதே கதைதான். ஒருவருக்குப் பாஸ்வேர்டு ஏற்காது, இன்னொருவருக்கு ஃபோல்டர் திறக்காது. மதியச் சாப்பாடு சாயங்காலம்.

ஜூன் 11

பிரேக் பாகத்தின் வரைபடத்தில் யாரோ ஓர் அளவை மாற்றியிருக்கிறார்கள். ஒரு லாட் முழுக்க ஸ்கிராப். கடைசியாகச் சேமித்தவர் என்று ஃபைல் காட்டுவது டூல் ரூம் திம்மப்பனை. சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். தேன்கனிக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றவர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். "மேடம், சத்தியமா நான் அந்த ஃபைலத் தொடவே இல்லீங்க. எம்பேரு எப்பிடி வந்துச்சு?"

பார்க்கிறேன் என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 12

தலைவலி. நாள் முழுக்கப் பாஸ்வேர்டு மாற்றித் தந்ததோடு சரி.

ஜூன் 13

பிடித்துவிட்டேன். சர்வர் ஆளை அறிவது பெயரால் அல்ல, எண்ணால். இரண்டு பிளான்டிலும் தனித்தனியாக எண் கொடுத்திருந்தார்கள். சேர்க்கும்போது யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. திம்மப்பனின் எண்தான் ஜிகணியில் வேறொருவருக்கும். அவர் சேமித்தால் இங்கே திம்மப்பன் பெயர் தெரிகிறது. இவ்வளவுதான். இதற்காக ஒரு மனுஷனை—

எண்ணை மாற்றிவிட்டு, நடந்ததை ஹெச்.ஆருக்கு மெயிலில் எழுதப்போகிறேன் என்று மேனேஜர் சௌந்தரராஜனிடம் சொன்னேன். "சரி பண்ணிட்டீங்கல்ல? அப்பறம் எதுக்கு மெயிலு? அடுத்த வாரம் ஆடிட்டு. விடுங்க கவிப்ரியா."

எனக்கும் விட்டுவிட்டுப் போய்ப் படுக்கத்தான் ஆசை. ஆனா அந்தாளு என்ன பாவம் பண்ணாரு?

ஜூன் 16

ஹெச்.ஆருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். சௌந்தரராஜன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூன் 20

சஸ்பென்ஷன் ரத்து. நானே திம்மப்பனுக்குப் போன் செய்தேன். "ரொம்ப நன்றிங்க மேடம்" என்றார். பிறகு, "ஆனா நான் வரலீங்க. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் பையக் கொட்டிப் பாத்துதான வெளிய அனுப்புனாங்க. கூட வேலை செஞ்சவன் ஒருத்தனும் வாயத் தொறக்கல. மறுபடி அவங்க மூஞ்சியில எப்பிடிங்க முழிக்கறது?"



ஜூன் 30

வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை நீக்கச் சொல்லி ஹெச்.ஆர் மெயில். மூன்று பெயர். மற்ற இரண்டையும் முதலில் நீக்கினேன். கேன்டீனுக்குப் போய் டீ குடித்தேன். திரும்பி வந்து திம்மப்பன் பெயரை அடித்து என்டர் தட்டினேன்.

நிச்சயமாகத்தானா என்றுகூட சர்வர் கேட்கவில்லை.