எண் போடாத இரண்டு வளையங்கள்

இன்று காலை டிவிக்குக் கீழே இருக்கும் டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தபோது உன் உறை கையில் வந்தது. பத்து மணிக்கு எலெக்ட்ரீஷியன் வருவதாகச் சொல்லியிருந்தார். சுவரை வெட்டினால் தூசி படியுமே என்று ஹாலில் இருந்த சாமான்களை உள்ளறைக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பழுப்பு நிற உறை, வாயில் இரண்டு ஸ்டேப்ளர் பின். ஒன்றரை வருடமாக நான் பிரிக்காமல் வைத்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பிரிக்கவில்லை.

நீ போசரியில் ஒரு தொழிற்சாலையில் கன்ட்ரோல் பேனல் வயரிங் பார்த்தவள். பீரோ அளவுப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில் வயர் ஓடும், ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் ஒரே எண் போட்ட மஞ்சள் வளையம் மாட்டியிருக்கும் என்று லோக்கல் ரயிலில் எனக்கு விளக்கியிருக்கிறாய். நானும் என் கணவரும் தேஹு ரோட்டில் வாடகைக்கு இருந்த நாட்கள் அவை. முதல் நாள், பெண்கள் பெட்டியில் யாரோ போனில் தமிழில் சண்டை போடுவது கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். "டப்பாவ மறந்துட்டுப் போனது நீ, திட்டு எனக்கா? பஸ் கரோ!" என்று கணவரை அடக்கிவிட்டு என்னைப் பார்த்தாய். "உங்களுக்குப் புரிஞ்சிடுச்சா? மர் கயி, செத்தேன்!" என்று சிரித்தாய்.

உன் அப்பா ராணுவ டெப்போ வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம் உன்னுடையது. தமிழ் பேசுவாய், எழுத்து தெரியாது. என் கோயம்புத்தூர்ப் பேச்சு உனக்கு வேடிக்கை. "ஆட்டோக்காரனுக்கும் 'ங்க' போடுவியா? அவன் மராட்டிக்காரன்டி, அவனுக்கு மரியாதையே புரியாது" என்பாய்.

வாகட்டில் ஃப்ளாட் வாங்கியபோது ஹாலிலேயே ஒரு சின்னத் தியேட்டர் அமைக்க வேண்டும் என்பது என் ஆசை. இங்கே தமிழ்ப் படம் வந்தால் ஒரு வாரம்தான் ஓடும், அதுவும் நாம் இருவரும் ஆபீசில் இருக்கும் நேரத்தில். இனிமேல் என் வீட்டிலேயே சேர்ந்து பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம். உள்வேலை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு டேப்போடு வந்தாய். காலி ஹாலின் நடுவில் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"ஸ்பீக்கர் எங்க வைக்கறதுன்னு சொல்லு" என்றேன்.

"முதல்ல யாரு எங்க உக்காருவாங்கன்னு நீ சொல்லு. வயர் அப்புறம்."

அப்படித்தான் வரைந்தாய். முதலில் சோபா, அங்கிருந்து ஒவ்வொன்றுக்கும் தூரம். திரையின் பக்கம் மூன்று ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் இரண்டு. பின்னால் போகும் வயருக்குச் சுவருக்குள் தனிக் குழாய். கரண்ட் வயரோடு அதைச் சேர்க்கவே கூடாது. கூடவே காலியாக இன்னொரு குழாய், உள்ளே இழுப்பதற்கு ஒரு கம்பி மட்டும்.

"இதுல என்ன போகும்?"

"அபி குச் நஹி, இப்போ ஒண்ணுமில்ல. நாளைக்கு என்ன வரும்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

வரைபடத்தில் சோபாவின் இடது ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இந்தி எழுத்தில் "இங்க நான்" என்று எழுதினாய்.

அந்த வரைபடத்தை நான் ஒரு நாளில் கைவிட்டேன். பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. மாமனார் மாமியாருக்குக் கோயம்புத்தூரிலிருந்து டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. பெயின்ட் வேலை தள்ளிக்கொண்டே போனது. பைப் எதற்கு மேடம், வயரை அப்படியே வைத்துப் பூசிவிட்டால் இரண்டு நாள் மிச்சம் என்றார் கான்ட்ராக்டர். நீ அப்போது கம்பெனி வேலையாக நாக்பூரில் இருந்தாய். ஒரு போன் செய்திருக்கலாம். கேட்டால் கூடாது என்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. பூசிவிட்டார்கள்.

பால் காய்ச்சிய அடுத்த வாரம், திரைச்சீலைக் கம்பி மாட்டச் சுவரில் துளை போட்டார்கள். பின் ஸ்பீக்கர் இரண்டும் ஊமையாயின. எந்த வயர் எங்கே அறுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. முனைகளில் எண் இல்லை. உருவி எடுக்கக் குழாயும் இல்லை. முன்னால் இருந்த மூன்றை மட்டும் வைத்து நானும் என் கணவரும் வாராவாரம் படம் பார்த்தோம்.

நாக்பூரிலிருந்து வந்ததும் கூப்பிட்டாய். "என்னடி, டாக்கீஸ் திறந்தாச்சா?"

"வேலை இன்னும் முடியலடி."

அடுத்த மாதமும் கேட்டாய், அதற்கடுத்த மாதமும். அதே பதில். "அந்த கான்ட்ராக்டர் நம்பர் குடு, நான் அவன கவனிச்சுக்கறேன்" என்றாய். "முடியாட்டி என்ன, பாய் போட்டு உக்காந்தா படம் ஓடாதா?" என்றும் ஒரு முறை கேட்டாய். சுவரை ஆள் வைத்து வெட்டி, குழாய் போட்டு, எல்லாம் உன் வரைபடம்போல ஆனபிறகு உன்னைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். உனக்குத் தெரியாமல் சரிசெய்துவிட நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் செக்யூரிட்டி இன்டர்காமில் கூப்பிட்டார். யாரோ மேடம் வந்திருக்கிறார், மேலே அனுப்பவா என்று கேட்டு உன் பெயரைச் சொன்னார். பின்னால் உன் குரல் கேட்டது. "போலோ, சர்ப்ரைஸ் ஹை." ஹாலில் படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் வீட்டில் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

நீ போனில் கூப்பிட்டாய். அதற்குள் படத்தின் சத்தத்தை நிறுத்தியிருந்தேன்.

"வாகட் பக்கம் வந்தேன், ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு. சரி விடு. வளையம் கொண்டாந்தேன், உன் செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டேன். ரெண்டு பக்கமும் மாட்டணும், ஞாபகம் இருக்கா?" அப்புறம் கேட்டாய், "கீழ உன் ஸ்கூட்டி நிக்குது. ஆட்டோல போனியா?"

"ஆமாடி."

"டீக் ஹை" என்றாய்.

அந்த "டீக் ஹை"யை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நம்பியவளின் குரலா, தெரிந்தும் விட்டவளின் குரலா என்று இன்றுவரை பிடிபடவில்லை. அந்த மழைக்காலத்தில் உனக்கு டெங்கு வந்தது. பத்து நாள்தான். அதற்குள் நான் உன்னை ஒரு முறைகூட வந்து பார்க்கவில்லை. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பட்டும் என்று காத்திருந்தேன். நீ திரும்பவில்லை.

வயர் போனதற்காக நீ என்னை விட்டிருக்க மாட்டாய். அரை மணி நேரம் திட்டியிருப்பாய். அப்புறம் சுத்தியல் கேட்டிருப்பாய்.

உறையை இன்று பிரித்தேன். ஒன்று முதல் ஐந்து வரை, ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு வளையங்கள், நூலில் கோத்து வைத்திருந்தாய். கடைசியில் எண் போடாத இரண்டு. அவை காலிக் குழாய்க்கு. அதையும் மறக்கவில்லை நீ.

எலெக்ட்ரீஷியனிடம் உன் வரைபடத்தைக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் சுவரை வெட்டிக் குழாய்களைப் பதித்துவிட்டார். வயர்களின் முனைகளில் நானே தரையில் உட்கார்ந்து வளையங்களை மாட்டினேன். காலிக் குழாயைக் காட்டி, "இஸ்மே க்யா ஜாயேகா?", இதில் என்ன போகும் என்று கேட்டார். "அபி குச் நஹி" என்றேன். அதன் கம்பியில் இரு பக்கமும் எண் போடாதவற்றை மாட்டினேன்.

அப்போது இன்டர்காம் அடித்தது. ஆபீசில் கூட வேலை பார்க்கும் சென்னைப் பெண், தங்கை கல்யாணப் பத்திரிகையோடு கீழே நிற்கிறாளாம். ஹால் முழுக்கச் செங்கல் தூள், தலைமுடியிலும்தான். அனுப்புங்கள் என்றேன்.

வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "ஐயோ, வேலை நடக்குதா? நான் அப்புறமா வரட்டுமா?"

"வேலை இன்னும் முடியலைங்க" என்றேன். "உள்ள வாங்க."

சோபா முழுவதும் பழைய போர்வை போர்த்தியிருந்தது. இடது ஓரத்தில் மட்டும் அதை விலக்கி, தூசியைத் தட்டிவிட்டு, அவளை உட்காரச் சொன்னேன்.