ஐந்தாவது ஃபவுல்

மாசாய், ஜோகூர்
19 ஜனவரி 2026

அன்புள்ள தம்பி மோகனதாசுக்கு,

இங்கு நலம். வீட்டில் கோமளாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதத் தைரியம் வரவில்லை. அனுப்பிய மறுநிமிடமே படித்துவிடுவீர்கள். தபால் என்றால் எனக்கு நான்கைந்து நாள் கிடைக்கும்.

எல்லை தாண்டி ஆடும் இந்தப் புதுக் கூடைப்பந்து லீக்கின் முதல் ஆட்டத்திலேயே, எங்கள் ஜோகூர் அணியிடம் உங்கள் அணி ஒரு புள்ளியில் தோற்றது. அதற்குக் காரணம் நான் என்று நினைக்கிறேன்.

ஜோகூரின் பதினோராம் எண் ஆட்டக்காரன் செய்த ஐந்தாவது ஃபவுலை, ஆட்ட அதிகாரிகள் மேசையில் உட்கார்ந்து புள்ளித்தாளில் குறித்தேன். ஐந்து ஆனால் ஆள் வெளியேற வேண்டும். ஹாரனை அழுத்தி நடுவரிடம் சொல்வது என் வேலை. நிமிர்ந்து பார்த்தால் மின்பலகையில் நான்கு என்று இருந்தது. அது புத்தம் புதுப் பலகை. எனக்கு எழுபத்திரண்டு வயது. எண்ணிக்கை எனக்குத்தான் தப்பியிருக்கும் என்று ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கடைசி இரண்டு புள்ளிகளையும் அவன்தான் போட்டான்.

மறுநாள் ஆட்டத்தின் காணொளியை மூன்று முறை பார்த்தேன். என் தாள்தான் சரி.

லீக் அலுவலகத்துக்கு இதையெல்லாம் எழுதி, விலகல் கடிதமும் தயாராக வைத்திருக்கிறேன். தோற்ற அணியின் பயிற்சியாளர் நீங்கள். உங்களிடம் முதலில் சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை. திட்டுவதானால் தாராளமாகத் திட்டுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கலக்கத்துடன்,
சிவசம்பு


சிங்கப்பூர்
27 ஜனவரி 2026

அன்பு சிவா அண்ணே,

தபால்ல கவர் வந்ததும் கோமளா கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சிட்டா. பிரிச்சுப் படிச்சதும் எனக்குத்தான் வேர்த்துப் போச்சு.

அண்ணே, எனக்கு அப்பவே தெரியும். என் உதவிப் பயிற்சியாளர் லோஷினி காதுல வந்து, "கோச், பதினொண்ணுக்கு அஞ்சு ஆச்சு"ன்னா. "பேசாம இரு லா"ன்னு அடக்கிட்டேன். ஜெயிச்சா சரி, தோத்தா புகார் கொடுத்து வெற்றிய வாங்கிடலாம்னு திட்டம். ஆட்டம் முடிஞ்சு விதிப்புத்தகத்தப் புரட்டினா, தப்பைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் அவன் போட்ட புள்ளி செல்லுமாம். அலமாக்! லோஷினி பார்த்த பார்வை இருக்கே.

நீங்க சந்தேகத்துல பேசல. நான் தந்திரத்துல பேசல. இதுல யாரு விலகணும்?

நேத்து லீக் அலுவலகத்துக்குப் போன் போட்டு ரெண்டு கதையும் சொல்லிட்டேன். ஆட்ட முடிவு மாறாதுன்னாங்க. எனக்கு நல்லா திட்டு விழுந்துச்சு. உங்களைப் பத்தி, "தாள்ல சரியாத்தானே எழுதியிருக்கார், அவர் ஏன் போகணும்?"னு கேட்டாங்க.

அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடுங்க.

உங்க தம்பி,
மோகன்


மாசாய்
16 பிப்ரவரி 2026

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். விலகல் கடிதத்தை நான்காகக் கிழித்தேன். கிழித்தபின் அவசரப்பட்டுவிட்டேனோ என்றும் தோன்றியது.

சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டும். உங்கள் ரூபேந்திரனுக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தபோது பலகையில் மறுபடியும் நான்கு. இரண்டு முறை எண்ணிவிட்டு ஹாரனை அழுத்தினேன். இத்தனை சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. அரங்கமே மேசையைத் திரும்பிப் பார்த்தது. "அங்கிள், நிச்சயமா?" என்று நடுவர் கேட்டார். "ஐந்து," என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டேன்.

நீங்கள் உங்கள் பெஞ்சிலிருந்து எழுந்து, "அண்ணே, இன்னைக்குத்தானா!" என்று கத்தியது கேட்டது. ஆறு புள்ளியில் தோற்றீர்கள். முடிந்ததும் கை கொடுக்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள். எல்லைச் சோதனைச் சாவடி நெரிசலுக்கு முன் போகும் அவசரம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கோபமா, தம்பி?

சிவசம்பு


சிங்கப்பூர்
23 பிப்ரவரி 2026

அண்ணே,

கோபம்தான். ரூபேந்திரன் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்.

பஸ் எல்லைப் பாலத்துல ரெண்டு மணி நேரம் நின்னுச்சு. "அஞ்சு"ன்னு நீங்க சொன்னதை லோஷினி குரல் நடுங்க நடுங்க நடிச்சுக் காட்டினா. பசங்களோட ரூபேந்திரனும் சிரிச்சான்.

அடுத்த மாசம் ஜோகூர்ல மறுபடியும் எங்க ஆட்டம். மேசையில யாரு உட்காரணும்னு ரெண்டு அணியையும் கேட்டு அலுவலகம் எழுதியிருக்கு. நாங்க ஒரே ஒரு பேர்தான் எழுதிக் கொடுத்திருக்கோம்.

மோகன்